இராசராசேச்சரமும் ஐம்புலனும்

தோற்றுவாய்

மக்கள் உறையும் மனையாயினும், இறைவன் எழுந்தருளும் கோயிலாயினும், கட்டடம் என்பது வெயிலையும் மழையையும் தடுப்பதற்கு எழுந்த சுவரும் கூரையுமே எனக் கொள்வாருளர். அதனுட் புகுவாருடைய கண்ணுக்கும் செவிக்கும் மூக்குக்கும் மெய்க்கும் அக்கட்டடம் யாது செய்கின்றது, அவற்றின் வாயிலாக உள்ளத்தில் எவ்வுணர்வை எழுப்புகின்றது என்பதே கட்டடக் கலைக்கு உயிர்நிலை எனக் கூறுவாரும் உளர். பின்னைய கொள்கை மேனாட்டில் அண்மைக் காலத்தே பெரிதும் பேசப்படுகின்றது. பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ என்பார், 1933-இல் நிறைவெய்திய பைமியோ என்னும் ஊர்க் காசநோய் மருத்துவமனையை அமைக்கும்போது, படுக்கையிற் கிடப்பாருடைய கண் இடையறாது நோக்குவது அறையின் மேற்றளத்தையே என்பதனை எண்ணி, அதற்குக் கண்ணை உறுத்தாத நிறம் தீட்டுவித்தார். கைகழுவுந் தொட்டியில் நீர் விழும் ஓசை பக்கத்துப் படுக்கையாரின் உறக்கத்தைக் கெடுக்காதவாறு அத்தொட்டியின் சரிவை வகுத்தார். அந்நாட்டினரேயாகிய யூஹானி பல்லாஸ்மா என்பார் 1996-இல் ஒரு நூல் இயற்றி, இக்காலக் கட்டடங்கள் கண் ஒன்றனையே கருதி எழுந்து ஏனைப் பொறிகளைப் புறக்கணிக்கின்றன என்று முறையிட்டார்.

இம்முறையீட்டைக் கேட்குஞ் சைவ நன்மக்கள் தந்நாட்டுத் திருக்கோயில்களை நினையாதிரார். ஆயின், நினைந்த அளவானே நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் எனப் பெருமிதங்கொண்டு அமைந்துவிடுதல் ஆராய்ச்சியாகாது. அவர் அறிந்தது யாது, அதனை எங்ஙனம் செய்து காட்டினர், யார்பொருட்டுச் செய்தனர், யாரைப் புறத்தே நிறுத்தினர் என்னும் நான்கும் சான்றுகொண்டு காணற்பாலன. அச்சான்று நிரம்பக் கிடைப்பது தஞ்சை இராசராசேச்சரத்திலேயாம். கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த அத்திருக்கற்றளியின் சுவர்களில், பொன்னும் மணியும் கொடுத்த செய்தி மட்டுமன்றி, உள்ளே எரியும் விளக்குக்கும், பாடுவார்க்கும், திருமஞ்சன நீரிற் பெய்யும் நறும்பொருளுக்கும் வகுத்த நிவந்தங்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆதலின் கட்டடத்தையும், அதனகத்தே பொறிகட்கு விளைந்த நுகர்ச்சியையும் ஒருங்குவைத்து ஆராய ஈண்டு இடமுண்டு.

கொள்கை

உயிர் அறிவுடையதாயினும் அவ்வறிவு தனித்து நின்று விளங்குவதன்று. சார்ந்ததன் வண்ணமாய் நிற்றலே அதன் இயல்பு என்பது சித்தாந்தத் துணிபு. இறைவன் தனு கரண புவன போகங்களை உயிர்கட்குக் கூட்டியருளியதும் மலமறைப்பை நீக்குதற்பொருட்டேயாம். ஆகவே மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் பொறிகள் இயல்பிற் பகையல்ல. அவை எதனைச் சார்கின்றனவோ, அதுவே கட்டுக்கும் வீட்டுக்கும் ஏதுவாகின்றது. பொறிகளை அடக்கி ஒடுக்குக என்பது ஒரு நெறி. அவற்றை இறைவன்பாற் செலுத்துக என்பது மற்றொரு நெறி. சரியை கிரியைகட்கு நிலைக்களனாகிய திருக்கோயில் இப்பின்னை நெறிபற்றி எழுந்ததாகும். ஆதலின், உயிர் சார்தற்குரிய புவனத்துள் ஒரு சிறு புவனமாகக் கோயிலைச் சிற்பியர் வகுத்தனர் எனல் பொருந்தும்.

கட்புலனும் மருட்கையும்

இனி, கற்றளியினுட் புகுவோம். கிழக்கே முதற்கண் எதிர்ப்படுவது கேரளாந்தகன் திருவாயில்; அதனைக் கடந்தால் இராசராசன் திருவாயில். பிற்காலக் கோயில்களிற் புறத்துக் கோபுரம் ஓங்கி, உள்ளே செல்லச் செல்லக் கட்டடம் தாழ்ந்து செல்லும். ஈண்டோ வாயில்கள் தாழ்ந்து நிற்ப, விமானமே ஏறத்தாழ 216 அடி உயர்ந்து விளங்குகின்றது. வாயிலின் நிழலும் குறுக்கமும் கடந்து வருவான் ஒருவனுக்கு, நீளம் ஏறத்தாழ 800 அடியும் அகலம் ஏறத்தாழ 400 அடியும் உடைய திருமுற்றம் திடீரெனத் திறந்து, அதன் நடுவே அவ்வுயர்ச்சி தோன்றும். குறுக்கத்தை முன்வைத்துப் பின்னர் விரிவைக் காட்டும் இம்முறை தற்செயலாய் நேர்ந்ததாகத் தோன்றவில்லை. இக்காட்சியினிடையே இன்று காணப்படும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தன என்பதை நினைவிற்கொண்டு, அவை இல்லாத முற்றத்தை மனத்தாற் கண்டால் முதற்சிற்பியின் கருத்து இன்னும் தெளிவாகும்.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலுள் எண்வகை மெய்ப்பாடு கூறி, அவற்றுள் மருட்கை பிறக்கும் நிலைக்களன்களைச் சொல்லுமிடத்துப் பெருமையோடு சிறுமையையும் உடன்வைத்தார். பெரிய பொருள் மட்டுமன்று, சிறிய பொருளும் வியப்பை விளைக்கும் என்பது அவர் கண்ட நுட்பம். அதனை இக்கோயிற் சிற்பி கல்லிற் காட்டியுள்ளான். வாயில்காவலர் உருவத்தின் காலடியில் ஒரு பாம்பு. அதன் வாயில் ஒரு யானை. யானையின் பருமை நாமெல்லாம் அறிந்தது. அதனை விழுங்கும் பாம்பு எத்துணைப் பெரிது! அப்பாம்பைக் காலடியிற் கொண்ட காவலன் எத்துணைப் பெரியன்! அவனோ அகத்தே உள்ளானைச் சுட்டி நிற்கின்றான். ஒரு சிறிய யானையை அளவுகோலாகத் தந்து, அளவிறந்ததனை நோக்கி உள்ளத்தைச் செலுத்திய திறம் இது. கல்லின் பருமையால் மட்டும் எழுந்த மருட்கையாயின் அச்சத்தளவில் நின்றிருக்கும். கருத்தினால் எழுந்தமையின் அது பத்திக்கு வாயிலாயிற்று.

ஈண்டு ஒரு வழக்குரையை விலக்குதல் கடன். இவ்விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்பது நாடெங்கும் பரவிய பேச்சு. வெயில் உள்ள காலையிலோ மாலையிலோ முற்றத்தில் நிற்பார்க்கு நிழல் கண்கூடாகத் தெரியும். உள்ள பெருமையே போதியதாயிருப்ப, இல்லாததனை ஏற்றிக் கூறுதல் சிற்பிக்குச் சிறப்பாகாது.

இருளும் விளக்கும்

முற்றத்தின் ஒளியினின்றும் படியேறி மண்டபங்களைக் கடக்குந்தோறும் ஒளி சுருங்கிக் கொண்டே செல்லும். கருவறையைச் சூழ இருசுவரும் இடையே சுற்றுவழியும் அமைந்துள்ளமையின், பகலவன் ஒளி நேரே உட்புக வழியில்லை. இதனைக் கண்ட சிலர், காற்றும் ஒளியும் புகச் சாளரம் வைக்க அறியாமையால் இவ்விருள் நேர்ந்தது என்பர். அஃது அற்று அன்று. மலையில்லாத காவிரிப் படுகைக்குக் கருங்கல்லைத் தொலைவிலிருந்து கொணர்ந்து 216 அடி உயரம் அடுக்க அறிந்தார்க்கு ஒரு சாளரம் வைத்தல் அரிதோ?

அவர் கருத்தைக் கல்வெட்டே அறிவிக்கின்றது. ஒரு திருவிளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அதன்பொருட்டு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை ஒப்படைக்கப்பட்டன. அந்நெய்யை அளக்கும் அளவைக்கும் ஆடவல்லான் என இறைவன் பெயரே இடப்பட்டது. ஒரு சிறு சுடரின் பின்னே ஒரு மந்தையும், அதனை மேய்க்கும் ஓர் இடையன் குடியும் நிற்கக் காண்கிறோம். வெயிலொளி வேண்டியவர் இத்துணைப் பொருளை நெய்யொளிக்கு வகுத்திரார். எங்கும் பரந்த ஒளியில் கண் பலவற்றை நோக்கி அலையும்; சூழ இருள் நிற்பச் சுடரொன்று விளங்குமிடத்து அஃது ஒன்றனையே பற்றும். ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு அருளொளி தோன்றுமாற்றைச் சொல்லாற் கூறுவது சாத்திரம். அதனைக் கண்ணாற் காட்டுவது கருவறை.

சுற்றுவழியின் சுவரில் சோழர்கால ஓவியங்கள் உள்ளன. அவற்றின்மேல் நாயக்கர் காலத்து ஓவியம் தீட்டப்பட்டு முன்னவை மறைந்து கிடந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி என்பார் அவற்றை வெளிப்படுத்தினார். சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சியும், அவர் சேரமான் பெருமாளோடு கயிலை சென்றதும், திரிபுரம் எரித்த கோலமும் அங்கே காணலாம். இவ்வழி குறுகியது, பின்னடைந்து நின்று முழுவதனையும் ஒரு நோக்கிற் காண இயலாது. நடந்துகொண்டே, கைவிளக்கின் ஒளி படுமளவே காண வேண்டும். வலம் வருதலே ஓவியத்தைப் படிக்கும் முறையாயிற்று.

செவிப்புலன்

செவிக்கு வகுத்தவை இன்னும் தெளிவாக உள்ளன. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவருமாக ஐம்பதின்மரை அரசன் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் கிடைக்குமாறு செய்தான். அவருள் ஒருவர் இறந்தாலும் நீங்கினாலும் அவ்விடம் வெறிதாகாமல் உரியாரைக் கொண்டு நிரப்பும் முறையும் வகுத்தான்.

கருங்கல் ஒலியை உண்பதன்று. அதனைத் திருப்பித் தருவது. கல்மண்டபத்தில் எழுந்த ஓசை உடனே அடங்காது சிறிது நேரம் நின்று தேயும். விரைந்து பேசும் உரை அங்கே ஒன்றோடொன்று மயங்கும். நெடிது இழுத்துப் பண்ணோடு பாடும் பதிகமோ, முன்னெழுந்த ஓசை பின்னெழுவதற்குச் சுருதிபோல் நிற்ப, நிறைந்து ஒலிக்கும். பதிகம் கட்டடத்துக்கேற்ப அமைந்ததென்றோ, கட்டடம் பதிகத்துக்கேற்ப அமைந்ததென்றோ துணிதல் வேண்டா. இரண்டும் ஒன்றற்கொன்று இயைந்தன என்பதே போதும். பிற்காலத்துச் சிற்பியர் இவ்வியைபை மேலும் வளர்த்து, நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் தட்டினால் இசையெழும் தூண்களையே செதுக்கினர்.

நாற்றமும் சுவையும் ஊறும்

மூக்குக்கு வகுத்தவற்றைக் காண்போம். திருமஞ்சன நீரிற் பெய்தற்கு ஏலமும், செண்பக மொட்டும், இலாமிச்சை வேரும் தருதற்கு முதற்பொருள் வைத்து, அதன் வட்டியினின்று அவை நாளும் வருமாறு கல்வெட்டுக்கள் ஏற்பாடு செய்கின்றன. நினைவை எழுப்புவதில் நாற்றத்துக்கு நிகர் பிறிதில்லை. செண்பக மணம் கமழும் நீரை ஒருமுறை தலையிற் பெற்றவன், அம்மணம் எங்கெழுந்தாலும் அச்சந்நிதியை நினைவான்.

நாவுக்கு வகுத்தவை: பழவரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சர்க்கரை, வாழைப்பழம், அடைக்காய், வெற்றிலை என அமுதுபடிக்கு வேண்டுவன அனைத்தும் அளவோடு கூறப்பட்டுள்ளன. மெய்க்கோ கட்டடமே நிவந்தம். வெறுங்காலோடு வருவார்க்கு வெயிலிற் காய்ந்த முற்றம் அடியைச் சுடும். உள்ளே தடித்த சுவரின் காப்பிற் கிடக்கும் கல் குளிரும். அவ்வெம்மையும் தண்மையும் உடம்பு தானே அறிவன. அறிவித்தற்கு ஆசிரியன் வேண்டா.

யார்பொருட்டு?

ஈண்டு ஒரு தடை எழும். விமானத்தின் மேல்நிலைச் சுற்றில் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டு, எஞ்சியவற்றுக்குரிய கற்கள் வெறுமையாய் விடப்பட்டுள்ளன. அவ்விடம் வழிபடுவார் செல்லும் இடமன்று. காண்பாரில்லாத இடத்தே ஆடற்கோலம் எற்றுக்கு? கட்டடம் புகுவாருடைய பொறிகளின்பொருட்டே எழுந்ததாயின் இது பொருந்தாதே எனின், கூறுதும். கோயில் என்பது முதற்கண் கோவாகிய இறைவனது இல். அதில் உறைவோன் அவனே. விளக்கும் இசையும் மணமும் அமுதும் அவனுக்கே படைக்கப்படுகின்றன. அடியார் பெறுவது அவற்றின் சேடம். பொறி கடந்த பரம்பொருளுக்கு இவற்றால் ஆவதொன்றில்லை. எனினும் தனக்கென ஏற்று நமக்கெனத் தருதல் அவன் கருணை. தனக்கென நுகர்ந்தது பந்தமாக, அவனுக்குப் படைத்துப் பெற்றது பிரசாதமாகும். நுகரும் பொருள் ஒன்றே, சார்பு வேறு. மேனாட்டார் உறைவோர் நலங்கருதி அமைக்குங் கட்டடத்துக்கும் நம் கற்றளிக்கும் உள்ள வேற்றுமை இதுவேயாம்.

புறத்தே நின்றோர்

ஆயின், அப்பிரசாதம் எல்லார்க்கும் எட்டியதோ? இவ்வினாவை விடுத்துக் கோயிலின் பெருமை பேசுதல் நடுவுநிலையாகாது. திருநாளைப்போவார் வரலாற்றை நாம் அறிவோம். பேரிகைக்கும் முரசுக்கும் வேண்டிய தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கோயில்கட்கு அவர் கொடுத்துவந்தார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். அகத்தே நின்றார் செவிக்கும் மூக்குக்கும் இன்பம் அளித்தவர், தாம் புறத்தே நின்றார். திருப்புன்கூரிற் புறத்தே நின்று காண வேட்ட அவர்க்கு, இடையே இருந்த நந்தியை விலகச் செய்து இறைவன் காட்சி கொடுத்தருளினான். இவ்வரலாறு கட்டடக் கலைஞர்க்கும் ஒரு பாடமாம். வாயிலினின்று கருவறைவரை நேர்கோட்டில் அமைந்த காட்சிவழியை மக்கள் மறித்தபோது, இறைவன் தன் ஊர்தியையே நகர்த்தி அதனைத் திறந்தான்.

அவன் திறந்த வழியை நாம் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் கோயில் நுழைவு அறிக்கை வெளிவந்தது. மதுரையில் 1939 சூலை 8-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மீனாட்சியம்மன் கோயிலுட் புகுந்தனர். சென்னை மாகாணம் முழுமைக்கும் நுழைவுச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. அதுகாறும் அக்கோயில்களின் ஒளியும் ஓசையும் நாற்றமும் நம்மவருட் பலர்க்கு மறுக்கப்பட்டிருந்தன.

அகத்தே இருந்தாரையும் நினைத்தல் தகும். நாட்டின் பல தளிகளினின்று 400 பெண்டிரை அரசன் தஞ்சைக்குக் கொணர்ந்து, கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரியிற் குடியேற்றினான். ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கு ஒவ்வொருவர்க்கும் உண்டு. ஒவ்வொருத்தியின் பெயரும், முன்னிருந்த கோயிலும், குடியேறிய சிறகும், வீட்டின் வரிசை எண்ணும் கல்லில் உள. அவருள் ஒருத்திக்கேனும் பிறந்த ஊரை விட்டு வர மனம் இருந்ததோ என்பது மட்டும் இல்லை. காண்பார் உள்ளம் மகிழ ஆடினார் உள்ளத்தைக் கேட்டாரில்லை. அவ்வழிவந்த பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-இற் சட்டம் நீக்கிற்று. பொறிகளின் நலங்கருதி எடுத்த கட்டடம் எதுவாயினும், அந்நலம் யாருடைய உழைப்பால் விளைகின்றது என்பதனையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

இக்கால நிலை

வாயில் திறந்தபின் வந்தவர்க்கு நாம் அளிப்பது யாது? தஞ்சைக் கற்றளி 1987-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டுத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. ஏனைய கோயில்கள் பலவற்றின் நிலை வேறு. கருவறையின் வாயிலில் வெண்ணிற மின்குழல் ஒளி விட்டெரிய, உள்ளே நெய்ச்சுடர் இருந்தும் இல்லாததாகின்றது. கல்லின்மேல் வழவழப்பான ஓடு பதிக்கப்பட, நீர் சிந்தியவிடத்து முதியோர் வழுக்கி வீழ்கின்றனர். ஒலிபெருக்கியின் ஓசை கற்சுவரில் மோதி மீண்டு மயங்க, பதிகத்தின் ஒரு சொல்லும் விளங்காமற் போகின்றது. முரசும் மணியும் மின்விசைப் பொறியால் தாமே அதிர்கின்றன. ஐம்பதின்மர்க்கு நெல்லளந்த நாட்டில், ஓர் ஓதுவார்க்கு உரிய இடத்தையும் பொறி கவர்ந்துகொண்ட கோயில்கள் உண்டு.

மின்விளக்கு ஆகாது என்பது எம் கருத்தன்று. கண்மங்கிய முதியோர் படியில் இடறாவாறு காலடிக்கு ஒளி வேண்டும். கூட்டம் மிக்க நாளில் வழியறிய ஒளி வேண்டும். அவ்வொளி கீழ்நோக்கி மறைவாய் நிற்க. கருவறையின் இருளும் சுடரும் அவ்வாறே இருக்க. ஓதுவார் ஒருவரது மிடற்றோசை, ஒலிபெருக்கியின்றியே கல்மண்டபத்தை நிரப்ப வல்லது. அவர்க்கு நெல்லளக்க மனம் வேண்டும். திருப்பணி செய்விப்போர், சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் கணக்குப் பார்ப்பதன்முன், இம்மாற்றம் அடியார் கண்ணுக்கு யாது செய்யும், செவிக்கு யாது செய்யும், உள்ளத்துக்கு யாது செய்யும் என்று மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்பாராக.

முடிபு

தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டில், 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் இராசராசன். அதன் நிறை 3083 பலம். போர்த்த பொன் 2926½ கழஞ்சு. அது நிகழ்ந்தது கி.பி. 1010-இல். அப்பொன்னை இன்று காணோம். உழக்கு நெய்யின் சுடரையும், பண்ணோடெழும் பதிகத்தையும், வேரின் மணங்கொண்ட நீரையும், வெறுங்காலுக்குக் குளிர்ந்த கல்லையும் நாம் நினைத்தால் இன்றும் பெறலாம். அவற்றைக் காத்து, முன்பு புறத்தே நின்றார் அனைவரும் அகத்தே வந்து நுகரச் செய்தலே அம்மன்னன் தொடங்கிய திருப்பணியின் எஞ்சிய பகுதி எனக் கொள்க.

திருச்சிற்றம்பலம்